யூஏ 16+ படத்துக்கு 14 வயசுப் பையன வாசல்லயே நிறுத்திட்டாங்க, இது சட்டமா இல்ல அவங்களா வச்சுக்கிட்டதா?

பின்வரிசை_அப்பா:
நேத்து நடந்தது. நான், வீட்டுக்காரம்மா, பையன் மூணு பேரும் ஒரு படத்துக்குப் போனோம், யூஏ 16+. பையனுக்கு 14 முடிஞ்சு நாலு மாசம் ஆகுது, மீசை கூட இன்னும் ஒழுங்கா வரல. டிக்கெட் ஸ்கேன் பண்ற தம்பி அவன ஏற இறங்கப் பாத்துட்டு ஸ்கூல் ஐடி இருக்கா சார்னு கேட்டார். எதுக்குங்கன்னா 16 ஆகலன்னா உள்ள விடக்கூடாது, சென்சார் ரூல்ங்கறார். அப்பா அம்மா ரெண்டு பேரும் கூடத்தானே நிக்கிறோம்னேன், யாரு கூட வந்தாலும் கெடையாது சார்னுட்டார். பின்னாடி க்யூ நிக்குது, எல்லாரும் எங்களையே பாக்கறாங்க, பையன் மூஞ்சி சுருங்கிப் போச்சு, அங்க நின்னு சண்டை போட மனசு வரல, திரும்பி வந்துட்டோம். காசு போனா போகட்டும், எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நான் சின்ன வயசுல யூஏன்னா பெத்தவங்க கூட இருந்தா பாக்கலாம்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். இப்ப மாத்திட்டாங்களா?

டமால்டுமீல்:
16+னா 16+ தான் சார், இதுல என்ன டவுட்டு. ஏ படத்துக்கு 18, இதுக்கு 16. முன்னாடி இல்ல இப்ப இருக்கு, அவ்ளோதான். அந்தத் தம்பி மேல தப்பே இல்ல.

பழைய_ரீல்பெட்டி:
டமால் தம்பி, தப்பு. ரொம்பப் பேரு இப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் அடிப்படை 1952ஆம் வருஷத்து சினிமாட்டோகிராஃப் சட்டம். 1983 வரைக்கும் ரெண்டே ரெண்டுதான், யூ, ஏ. எல்லாரும் பாக்கலாம், இல்லன்னா பெரியவங்க மட்டும். 1983லதான் நடுவுல யூஏ வந்துச்சு, டாக்டர் மாதிரி குறிப்பிட்ட ஆளுங்களுக்கு மட்டும்னு எஸ் ஒண்ணும் வந்துச்சு. அந்த யூஏ சொன்னது என்னன்னா 12 வயசுக்குக் கீழ இருந்தா அப்பா அம்மா யோசிச்சு முடிவு பண்ணுங்க, அவ்வளவுதான். 2023ல சட்டத்த திருத்துனாங்க, 2024 மார்ச்ல புது ரூல்ஸும் வந்துச்சு, அந்த ஒரு யூஏவ 7+, 13+, 16+னு மூணாப் பிரிச்சாங்க.

முக்கியமான விஷயம் இங்கதான். இந்த மூணு நம்பரும் பெத்தவங்களுக்குச் சொல்ற யோசனை. பெத்தவங்களோ கார்டியனோ தவிர வேற யாரும் இத வச்சு ஒருத்தர தடுக்க முடியாதுன்னு திருத்தத்துலயே தெளிவா எழுதியிருக்கு. தியேட்டர்காரருக்கு அந்த அதிகாரம் கெடையாது. கதவ மூடுற சர்ட்டிபிகேட்னா ஏ தான் (எஸ் நமக்குச் சம்பந்தம் இல்ல, விடுங்க). ஏ படத்துக்கு 18 ஆகாதவங்கள அப்பா அம்மா கூட்டிட்டு வந்தாலும் விடக்கூடாது, விட்டா தியேட்டர்காரர் மேல அந்தச் சட்டத்தோட 7ஆவது பிரிவுப்படி நடவடிக்கை எடுக்கலாம்.

ஆக @பின்வரிசை_அப்பா, நீங்க கேள்விப்பட்டதுதான் சரி.

சும்மா_ஒருத்தன்:
அப்ப ஏ படத்துக்கு கைக்குழந்தையோட வர்றவங்கள மட்டும் எப்படி விடறாங்க, போன மாசம் கூட எனக்கு முன் சீட்ல ஒரு குழந்தை படம் முழுக்க அழுதுச்சு

பழைய_ரீல்பெட்டி:
விடக்கூடாத எடத்துல விடறாங்க, விட வேண்டிய எடத்துல நிறுத்தறாங்க. அதான் வேடிக்கை.

டமால்டுமீல்:
ரூல்ல எழுதியிருக்குன்னு நீங்க சொல்றீங்க, ஆனா தியேட்டர்காரன் நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா மாட்டுவான்ல. அவன் பயந்துக்கிட்டு நிறுத்தறான். அதுல என்ன தப்பு. அப்புறம் 16+னு ஒரு நம்பர போட்டுட்டு அது சும்மா யோசனைதான்னா அந்த நம்பர் எதுக்கு?

அம்மாதான்_கேக்குறேன்:
நம்பர் எனக்கு வேணும் தம்பி. எட்டு வயசுப் பொண்ணும் பதிமூணு வயசுப் பையனும் வச்சிருக்கேன். முன்னாடி யூஏன்னா கண்ணக் கட்டி காட்டுல விட்ட மாதிரி. ஒரு படத்துல ஒரு சின்ன சண்டை இருந்தாலும் யூஏ, இன்னொண்ணுல முக்கா மணி நேரம் ரத்தம் தெறிச்சாலும் அதே யூஏ. இப்ப 7+னா தைரியமா கூட்டிட்டுப் போறேன், 16+னா நான் முதல்ல பாத்துட்டு வரேன். முடிவு என் கையில இருக்கறதுதான் எனக்கு வேண்டியது, வாசல்ல நிக்கறவர் கையில இல்ல.

சும்மா_ஒருத்தன்:
சரி இந்த நம்பர யாரு போடறாங்க? உள்ள உக்காந்து நாலு பேரு கைய தூக்குவாங்களா?

கட்டிங்டேபிள்:
இதுக்கு நான் பதில் சொல்லலாம். ஏழெட்டு வருஷம் முன்னாடி ஒரு சின்ன படத்துல அசிஸ்டன்ட் எடிட்டரா இருந்தேன், சென்சாருக்கு அலைஞ்சது நான்தான். இப்ப அப்ளிகேஷன் எல்லாம் ஆன்லைன், ஆனா உள்ள நடக்கற கூத்து அதே மாதிரிதான்.

முதல்ல ஒண்ணு, பாதிப் படத்த கொண்டு போக முடியாது. ஆர்ஆர் (பின்னணி இசை), எஃபெக்ட்ஸ், டப்பிங் எல்லாம் முடிஞ்ச கடைசி வடிவம்தான். எங்க டைரக்டர் ஒரு பாட்டுக்கு மட்டும் பின்னாடி மிக்ஸ் மாத்திக்கலாம்னார், முடியாதுன்னு நான் சொல்லி அவர் திட்டி, கடைசில ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டூடியோல உக்காந்து முடிச்சோம். கூடவே சென்சார் ஸ்கிரிப்ட்னு ஒண்ணு குடுக்கணும், படத்துல வர்ற ஒவ்வொரு வசனமும் பாட்டு வரியும் அதுல இருக்கணும். கெட்ட வார்த்தைய டைப் அடிக்கும்போது எனக்கே கூச்சமா இருந்துச்சு, பக்கத்துல எங்கம்மா வேற உக்காந்திருந்தாங்க.

படத்த பாக்கறது எக்ஸாமினிங் கமிட்டி. எங்களுக்கு ஒரு அதிகாரியும் அட்வைசரி பேனல்ல இருந்து நாலு பேரும், அதுல ரெண்டு பேர் பெண்கள். இந்த பேனல் ஆளுங்க சினிமாக்காரங்களா இருக்கணும்னு இல்ல, டீச்சர், வக்கீல், டாக்டர்னு யாரு வேணா இருக்கலாம். ஸ்கிரீனிங் நடக்கறப்ப படத்து ஆளு யாரும் உள்ள இருக்கக் கூடாது. வெளிய பெஞ்சுல உக்காந்து கதவுக்குப் பின்னாடி சத்தம் கேக்குதான்னு காத கூர்மையாக்கிட்டு இருந்தோம். ஒரு காமெடி எடத்துல சிரிப்பு கேட்டுச்சு, எங்க டைரக்டர் என் தொடையில அடிச்சாரு பாருங்க, இன்னும் வலிக்குது.

முடிஞ்சதும் உள்ள கூப்பிடுவாங்க. யூஏ தரலாம், இந்தந்த எடத்துல கட், இந்த வார்த்தைய மியூட் பண்ணணும், இல்லன்னா இப்படியே விட்டா ஏ, உங்களுக்கு எது சம்மதம்னு கேப்பாங்க. அங்கதான் பேரமே. எங்களுக்கு மூணு வார்த்தை மியூட், ஒரு குத்துற ஷாட்ட பாதியா குறைக்கச் சொன்னாங்க. அப்புறம் என் தப்பு ஒண்ணு, ஹீரோவோட ஃப்ரெண்டு பின்னாடி நின்னு சிகரெட் பிடிக்கற ஒரு நாலு செகண்ட் ஷாட்டுக்கு கீழ எச்சரிக்கை வாசகம் போட மறந்துட்டேன். மத்த எட்டு எடத்துல போட்டிருந்தேன், இது ஃபோக்கஸ்லயே இல்லாத ஆளு, என் கண்ணுல படல, அவங்க கண்ணுல பட்டுச்சு. அந்த வாசகம் சென்சார் போர்டு கண்டுபிடிச்சது இல்ல, அது புகையிலை சட்டத்துல இருந்து வர்றது, மாடு நாய் வந்தா விலங்கு நல வாரியத்துகிட்ட ஒரு தடையில்லா சான்று வாங்கற மாதிரி.

கட் பண்ண துண்டையும் திருத்துனத்தையும் காட்டினப்புறம்தான் சர்ட்டிபிகேட். படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி திரையில வருதே அந்தக் கார்டு, அதோட ரெண்டாவது பாகத்துல வெட்டினது எல்லாம் வரிசையா எழுதியிருக்கும். அதுக்கப்புறம் ரிலீசுக்கு முன்ன ஒரு ஷாட்ட சேக்கணும்னாலும் திரும்பப் போய் எண்டார்ஸ் வாங்கணும்.

சும்மா_ஒருத்தன்:
செம. அந்தக் கார்டுல யூ படத்துக்கும் இந்தியில அ ன்னு போட்டிருக்கும், சின்ன வயசுல அது ஏ ன்னு நெனச்சு தாத்தா எங்கள எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டாரு, பக்திப் படம் அது 😂

பழைய_ரீல்பெட்டி:
ஹாஹா. யூவுக்கு அ, யூஏவுக்கு அ/வ, ஏவுக்கு வ. அனிர்பந்தித், வயஸ்க். தாத்தாவ குறை சொல்ல முடியாது.

@கட்டிங்டேபிள் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். குடுத்தது பிடிக்கலன்னா ரிவைசிங் கமிட்டிக்குப் போகலாம், அதுல தலைவர தவிர ஒன்பது பேர் வரைக்கும், முதல் கமிட்டில உக்காந்தவங்க இதுல உக்கார முடியாது. அதுக்கும் மேல முன்னாடி ஒரு ட்ரிப்யூனல் (அப்பீல் கேக்கற தீர்ப்பாயம்) இருந்துச்சு, 2021 ஏப்ரல்ல அத மூடிட்டாங்க, இப்ப நேரா ஹைகோர்ட்தான். ரிலீஸ் தேதி அறிவிச்ச தயாரிப்பாளருக்கு வட்டி ஓடுதே, கோர்ட்டுக்குப் போய் காத்திருக்க எத்தன பேரால முடியும்? சொன்னத வெட்டிட்டு வந்துடறாங்க.

டமால்டுமீல்:
எல்லாம் சரி. பெரிய ஹீரோ படத்துல தலைய சீவுறான் யூஏ. சின்ன படத்துல ஒரு முத்தம் வந்தா ஏ. இதுக்கு என்ன சொல்றீங்க. உள்ள செட்டிங்னு சொன்னா மட்டும் கோவம் வரும்

கட்டிங்டேபிள்:
செட்டிங்னு நான் சொல்ல மாட்டேன், கண்ணால பாக்காதத எப்படிச் சொல்றது. ஆனா நீ சொல்ற வித்தியாசம் இருக்கு. 1991ல போட்ட கைடுலைன்ஸ் இருக்குல்ல, அதுல இத்தன சொட்டு ரத்தம்னா இந்த சர்ட்டிபிகேட்னு கணக்கெல்லாம் கெடையாது. படத்த மொத்தமா பாத்து அதோட பாதிப்ப வச்சு முடிவு பண்ணு, கதை நடக்கற காலத்தையும் இப்ப ஜனங்க எத ஏத்துக்கறாங்கங்கறதையும் மனசுல வச்சுக்கன்னு சொல்லுது. கூடவே வன்முறைய கொண்டாடக் கூடாது, குடிய நியாயப்படுத்தக் கூடாது, ஆபாசம் கூடாதுன்னு ஒரு நீண்ட பட்டியல். ஒவ்வொரு படத்துக்கும் வேற அஞ்சு பேர். அந்த அஞ்சு பேருக்கு எது உறுத்துதோ அதுதான் அன்னிக்கு கணக்கு. நம்ம வீட்லயே பாரு, டிவில கத்திக்குத்து வந்தா எல்லாரும் சாப்ட்டுக்கிட்டே பாப்போம், முத்தம் வந்தா தாத்தா தண்ணி குடிக்க எந்திரிப்பாரு. அந்த அஞ்சு பேரும் நம்ம வீட்லருந்துதானே போறாங்க.

பழைய_ரீல்பெட்டி:
இதுல காசு இருக்கறத மறந்துடாதீங்க. ஏ வாங்கினா தியேட்டர்ல குடும்பம் வராது, அது ஒண்ணு. அத விட, ஏ படத்த அப்படியே டிவில போட முடியாது, யூவோ யூஏவோ ஆக்கணும், அதனால சேட்டிலைட் ரைட்ஸ், அதாவது டிவி உரிமையோட வெல அடிபடும். 2023 திருத்தத்துல ஏ படத்த டிவிக்குன்னு தனியா வெட்டி தனி சர்ட்டிபிகேட் வாங்க வழி வச்சாங்க. தமிழ்நாட்டுல இன்னொரு கதையும் உண்டு. 2006ல தமிழ்ல பேர் வச்சா கேளிக்கை வரி இல்லன்னாங்க, 2011ல அதோட யூ சர்ட்டிபிகேட்டும் வேணும்னு சேத்தாங்க. ஜிஎஸ்டி வர்ற வரைக்கும், அதாவது 2017 வரைக்கும், யூவுக்கு தயாரிப்பாளருங்க அப்படி அடிச்சுக்கிட்டதுக்குக் காரணம் குழந்தைங்க மேல இருந்த பாசம் இல்ல. யூஏ குடுத்தா ரிவைசிங் போறது, ரத்தத்த கருப்பு வெள்ளையா மாத்திட்டு யூ கேக்கறது, எல்லாம் நடந்துச்சு.

தேம்ஸ்_ஓரம்:
நான் இங்கிலாந்துல இருக்கேன், இங்க எப்படின்னு சொல்றேன். பிபிஎஃப்சின்னு ஒரு அமைப்பு, 1912லருந்து இருக்கு, அரசாங்கத்தோடது இல்ல. யூ, பிஜி (பெத்தவங்க பாத்து முடிவு பண்ணணும்), 12ஏ, 15, 18. இங்க 15ன்னா 15தான், அப்பா கூட வந்தாலும் 14 வயசுப் பையன் உள்ள போக முடியாது. உங்க டிக்கெட் ஸ்கேன் தம்பி இங்க வேலை பாத்திருந்தா அவர் செஞ்சது நூத்துக்கு நூறு சரி. ஆனா 12ஏ மட்டும் வேற, 12க்குக் கீழ இருந்தா பெரியவங்க யாராவது கூட உக்காரணும். அது வந்த கதையே சுவாரசியம். 2002ல ஸ்பைடர்மேன் படத்துக்கு 12ன்னு குடுத்துட்டாங்க, அப்ப 12ங்கறது முழு தடை. பொம்மை எல்லாம் வாங்கி வச்சிருந்த பொடிசுங்க வாசல்ல நின்னு அழ, சில ஊர் கவுன்சில்காரங்க எங்க ஊர்ல நாங்க விடுவோம்னுட்டாங்க. ஏன்னா இங்க தியேட்டருக்கு லைசன்ஸ் குடுக்கறது கவுன்சில், கடைசி வார்த்தை அவங்களோடது. அதே வருஷம் ஆகஸ்ட்லயே 12ஏ வந்துச்சு.

ஹாலிவுட்_மாமா:
அமெரிக்கால இதுக்கு சட்டமே கெடையாது, கேட்டா நம்ப மாட்டீங்க. எம்பிஏன்னு (படிப்பு இல்லப்பா, ஸ்டூடியோக்காரங்க சங்கம்) அவங்களே 1968ல ஆரம்பிச்சது. ரேட்டிங் வாங்கியே ஆகணும்னும் இல்ல. ரேட்டிங் போடறவங்க யாருன்னா பெத்தவங்க, சேரும்போது அவங்களுக்கு 5லருந்து 15 வயசுக்குள்ள குழந்தை இருக்கணும், பெரும்பாலானவங்க பேர வெளிய சொல்ல மாட்டாங்க. பிஜிக்கும், அதுக்கு மேல இருக்கற ஆர்ங்கற (R) கடுமையான ரேட்டிங்குக்கும் நடுவுல பெரிய பள்ளமா இருக்குன்னு 1984ல பிஜி-13 கொண்டு வந்தாங்க. நம்ம 2023 கதை அங்க நாப்பது வருஷம் முன்னாடியே நடந்துடுச்சு.

அங்க வார்த்தைய எண்ணுவாங்க. அந்த நாலெழுத்து கெட்ட வார்த்தை திட்டறதுக்கு ஒரு தடவ வந்தா பிஜி-13ல நிக்கலாம், அதுக்கு மேல போனா பொதுவா ஆர். படுக்கை அர்த்தத்துல ஒரு தடவ சொன்னாலே ஆர். விதிவிலக்கு வேணும்னா ரேட்டிங் போடறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேரு ஒத்துக்கணும். கிங்ஸ் ஸ்பீச்னு திக்குவாய் ராஜா படம், ஒரு எடத்துல திக்கு போகறதுக்காக கெட்ட வார்த்தையா பொழிவாரு, அமெரிக்கால ஆர், @தேம்ஸ்_ஓரம் ஊர்ல முதல்ல 15 குடுத்து அப்பீல்ல 12ஏ ஆக்கினாங்க. அதே வார்த்தை, அதே ராஜா.

ஆனா ஆர்ன்னா கூட அப்பா அம்மா கூட வந்தா 17க்குக் கீழ விடலாம். பெத்தவங்க கூட வந்தாலும் கதவு திறக்காதது என்சி-17 மட்டும்தான். அத வாங்கினா பல தியேட்டர் போட மாட்டாங்க, அதனால யாரும் அது வரைக்கும் போகறதில்ல, வெட்டிட்டு ஆர் வாங்கிக்கறாங்க. எங்க போனாலும் கத்திரி ஒண்ணுதான்.

டமால்டுமீல்:
சரி ஒத்துக்கறேன், நம்ம ஊர்ல 16+ தடை இல்ல. தப்பா சொல்லிட்டேன். ஆனா இன்னொண்ணு, சென்சாரே ஓகே சொன்னப்புறம் கூட படத்த நிறுத்தறாங்களே, அப்ப அந்த சர்ட்டிபிகேட்டுக்கு என்ன மரியாதை

பழைய_ரீல்பெட்டி:
நல்ல கேள்வி தம்பி. இதுல நம்ம தமிழ்ப் படம் ஒண்ணுதான் இந்தியா முழுக்க வக்கீலுங்க இன்னிக்கும் எடுத்துக் காட்டறது. ஒரே ஒரு கிராமத்திலே. இட ஒதுக்கீட்டப் பத்தின படம், யூ குடுத்தாங்க, எதிர்ப்பு கெளம்புச்சு, மெட்ராஸ் ஹைகோர்ட் அந்த யூவ ரத்து பண்ணுச்சு. சுப்ரீம் கோர்ட் 1989 மார்ச்ல அந்தத் தீர்ப்ப தூக்கிப் போட்டுட்டு, கலாட்டா பண்ணுவோம்னு மிரட்டறாங்கங்கறதுக்காக பேச்சு சுதந்திரத்த அடக்க முடியாது, பாதுகாப்பு குடுக்கறது அரசாங்கத்தோட வேலைன்னு சொல்லிச்சு. முன்கூட்டியே சென்சார் பண்றது செல்லும்னு 1970லயே கே.ஏ. அப்பாஸ்ங்கற டைரக்டர் போட்ட வழக்குல சொன்னதும் அதே கோர்ட்தான், வயசு வாரியா பிரிக்கறது சரின்னும் அதுலயே வரும். ரெண்டையும் சேத்துப் படிச்சா ஓரளவு புரியும். நடைமுறைல தடை போட்டு ரெண்டு வாரம் ஓடிட்டா படம் செத்துடும், தீர்ப்பு வந்து என்ன, அதுவும் உண்மைதான்.

அம்மாதான்_கேக்குறேன்:
கோர்ட்டெல்லாம் இருக்கட்டும். எனக்கு வயசு போதாது, காரணம் வேணும். ஓடிடில 2021 ரூல்படி வயசோட சேத்து வன்முறை, கெட்ட வார்த்தைன்னு ஆரம்பத்துலயே காட்டறாங்கல்ல, 13+ஓ அதுக்கு மேலயோ இருந்தா லாக் வசதியும் குடுக்கணும். என் பொண்ணுக்கு சண்டை பிரச்சினையே இல்ல, பேய் வந்தா மூணு நாள் தூங்க மாட்டா. பையனுக்கு நேர் எதிர். 13+னு மட்டும் போட்டா நான் யார கூட்டிட்டுப் போறது யார விட்டுட்டுப் போறது?

கட்டிங்டேபிள்:
நான் இத எங்க டைரக்டர்கிட்ட சொன்னேன் ஒரு தடவ. போஸ்டர்லயே ரத்தம் இருக்குன்னு போட்டா எவன் வருவான்னார். அடுத்த படத்துக்கு போஸ்டர் முழுக்க ரத்தம்தான் போட்டாரு அது வேற விஷயம்

பின்வரிசை_அப்பா:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கல. அப்டேட் சொல்றேன். இன்னிக்கு சாயங்காலம் அதே தியேட்டர் மேனேஜர்கிட்ட பேசினேன். ரீல்பெட்டி சார் எழுதினத போன்ல காட்டினேன். அவர் பொறுமையாப் படிச்சாரு, ஒத்துக்கவும் இல்ல மறுக்கவும் இல்ல, பசங்களுக்கு ஏ மட்டும் பாருங்கடான்னுதான் சார் சொல்லி வச்சிருக்கேன், நம்பர் வந்ததுலருந்து குழம்பிட்டாங்கன்னார். மூணு டிக்கெட் குடுத்து ராத்திரி காட்சிக்கு வாங்கன்னார்.

வீட்டுக்கு வந்து பையன்கிட்ட கிளம்புடான்னேன். அவன் போன்லருந்து தலைய தூக்காம, அந்த சண்டை சீன் மூணும் நேத்தே ரீல்ஸ்ல வந்துடுச்சுப்பா, நீயும் அம்மாவும் போய்ட்டு வாங்கங்கறான். நாங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டு இருக்கோம்.